மாமியாரை அடகு வைத்தவள்

காலை ஒன்பது பத்துக்கு வெண்ணந்தூரில் சேலம் பஸ் ஏறிய பெண்ணின் கையில் பை கூட இல்லை.

"மாமியாள டாக்டரம்மாகிட்ட அடகு வெச்சுட்டு வாரேனுங்க்கா," என்றாள் பக்கத்திலிருந்தவளிடம்.

"மறதி முத்துன மனுசியவா? அடிப்பாவி!"

"வாரம் ஒரு நாள் அவங்க பாத்துக்கிட்டு, எங்களுக்கு ஓய்வு குடுத்தா ரெண்டு பேருக்கும் நல்லதான்னு பாக்க ஆராய்ச்சி ஆரம்பிச்சிருக்காங்க. மாரியம்மன் நோம்பி வாணவேடிக்கைக் காசு மொத்தமும் அதுக்குத்தானுங்க."

"தர்மகர்த்தா எப்படி ஒத்துக்கிட்டாரு?"

"ஊர்க்கூட்டத்துல மாமியாள அவரு பக்கத்துல உக்கார வெச்சு, 'காப்பி குடிச்சுட்டு வாரேன், பாத்துக்குங்க'ன்னு போனேன். காப்பி ஆறுறதுக்குள்ள மனுசன் தேடி ஓடியாராரு! 'எம்பட ஊட்டுல நீ யாருடா'ன்னு மாமியா அவரு துண்டப் புடிச்சுட்டாங்களாம்."

"இப்ப எங்க சாமி போற?"

"சினிமாவுக்குங்க்கா. கண்ணு கொட்டாமப் பாக்கோணும்."

பஸ் மல்லூரைத் தாண்டுமுன் அவள் தூங்கிவிட்டாள்.