நான்கு நாள் இருட்டு

மீன்தொட்டி வைத்திருக்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் தீனி போட்டே தொட்டியைக் கெடுக்கிறார்கள். பத்தாவது ஆள் நான். என் தொட்டியைக் கெடுத்தது பெரியப்பா.

எழுதிக்கொள்ளுங்கள் சார், அவசரமில்லை. இரண்டடித் தொட்டி, அடியில் புல் மாதிரிச் செடி, எட்டுச் சின்ன மீன்கள். கல்லூரி பக்கம் என்பதால் பெரியப்பா வீட்டில் தங்கியிருந்தேன். அங்கே வெயில் விழாத ஒரே அறையில் தொட்டியை வைத்தேன். பிறகு அவர் கால் எலும்பை முறித்துக்கொண்டு அதே அறையில் வந்து படுத்துவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை.

படுத்தவர் சும்மா படுத்திருக்கலாம். நாள் முழுக்கத் தொட்டி விளக்கை எரியவிட்டு, தன் பிஸ்கட்டை நுணுக்கி மீன்களுக்குப் போட்டார். ஓயாத வெளிச்சம், அழுகும் தீனி; பாசிக்கு வேறென்ன வேண்டும். ஒரே மாதத்தில் கண்ணாடி பச்சையானது, இலைகளுக்குக் கறுப்புத் தாடி முளைத்தது. அவருக்குப் புரிகிற மாதிரிதான் விளக்கினேன்.

"ஏன்டா, நீ மட்டும் மூணு வேளையும் கொட்டிக்கிற, அதுக்குப் பசிக்காதா?" என்றார். சர்க்கரை நோயாளி பிஸ்கட்டைத் தின்னாமல் மீனுக்குப் போடுகிறாரே என்று பெரியம்மாவுக்கு வேறு சந்தோஷம்.

மருந்து ஊற்றினால் செடி வாடும். நத்தை விட்டால் அது தின்பதைவிடக் கழிப்பது அதிகம். சரியான வழி, நான்கு நாள் முழு இருட்டு, தீனி கிடையாது. செடி தாங்கும், பாசி தாங்காது. ஒரே நிபந்தனை, நடுவில் எட்டிப் பார்க்கக் கூடாது. எட்டிப் பார்க்கிற அரைவேக்காடுகளால்தான் இந்த முறைக்குக் கெட்ட பெயர்.

முதலில் தொட்டியை மட்டும்தான் போர்வையால் மூடினேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் கைத்தடியால் போர்வையை இழுத்துப் போட்டுவிட்டு, "புள்ளைங்க இருட்டுல பயப்படும்டா" என்றார். மீன்களைச் சொன்னார்.

பெரியம்மா தன் மகளின் பிரசவத்துக்காக நான்கு நாள் ஊருக்குக் கிளம்பினார். காலையும் மாலையும் பெரியப்பாவுக்கு இன்சுலின் ஊசி போடுவது என் பொறுப்பு. அவர் மத்தியானம் தூங்கும்போது, அந்த அறையின் திறக்க வராத கண்ணாடி ஜன்னலுக்கு வெளிப்பக்கம் கறுப்புத் தாள் ஒட்டினேன். பல்புகளைக் கழற்றினேன். போனும் வெளிச்சம்தான், அதையும் எடுத்துக்கொண்டேன். குடிக்க ஒரு பெரிய பாட்டில் தண்ணீர் வைத்துவிட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

முதல் நாள் திட்டினார், ரசிக்கும்படியாகவே. இரண்டாம் நாள் கைத்தடியால் கதவைத் தட்டினார். பக்கத்து வீட்டு அக்கா என்ன சத்தம் என்று கேட்டார். பெரியப்பா டிவியில் சண்டைப் படம் பார்க்கிறார் என்றேன். அன்று மாலை குரல் கதவின் அடியிலிருந்து வந்தது.

"தம்பி, ஊசி போடணும்டா. மீனுக்கு இனிமே ஒண்ணும் போடல. சத்தியமா."

புத்தி வந்தது நல்லதுதான். ஆனால் கதவைத் திறந்தால் வெளிச்சம் புகுந்துவிடும், இரண்டு நாள் உழைப்பு வீண். மூன்றாம் நாள் அவரும் ஒத்துழைத்தார். பெரியம்மா போனில் விசாரித்தபோது, தூங்குகிறார் என்றேன்.

பெரியம்மா ஆறு மணி நேரம் முன்னதாகவே வந்து கதவை அகலத் திறந்துவிட்டார். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது சார். எட்டு மீனும் உயிரோடு. அதைத் திரும்பிப் பார்க்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

தாழ்ப்பாள் போட்டது நான். ஊசி போடாததும் நான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தொட்டியின் இடது மூலையில் மறுபடி ஒரு பச்சைப் புள்ளி தெரிகிறது என்று உங்கள் காவலர் சொன்னார். அதை மட்டும் என் தலையில் கட்டாதீர்கள். அது கதவைத் திறந்தவர் செய்த வேலை.