அம்மாவிடம் கொடுத்த பை வார்

ஓடுகிறோம். சைகோன் விமான நிலைய வாசலுக்கு இன்னும் இருநூறு அடி. 1975 ஏப்ரல் 29, பிற்பகல். சீழ்க்கைச் சத்தம். மூன்று எண்ணுவதற்குள் வெடிப்பு. பின்னால் நாங்கள் வந்த பஸ்ஸின் கண்ணாடி மொத்தமாக உதிர்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் போய் இருபது வருடம். வட வியட்நாம் படை நகர வாசலில்; இன்று அமெரிக்கர்களும் போகிறார்கள். அவர்கள் ஆஸ்பத்திரியில் நான் ரத்தப் பரிசோதனை டெக்னீஷியன். என் தோழி தெரேசாவும் அங்கேதான். இருவருமே பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் இங்கே வந்த பாண்டிச்சேரிக் குடும்பம். ஆளுக்கொருவரை அழைத்துவர அனுமதி. இருவரும் அம்மாவை அழைத்து வந்தோம்.

முதல் நாளே பட்டியல் போட்டிருந்தேன். சான்றிதழ்கள், தடுப்பூசி அட்டை, மாத்திரைகள். பதினான்கு இனம். ஒரே தோள்பை. தெரேசா எதுவும் எடுக்கவில்லை. அவள் அம்மா பஸ்ஸிலேயே தன் முந்தானையை மகளின் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

“என்ன அத்தை, மாட்டைக் கட்டுற மாதிரி?” என்று சிரித்தேன்.

“ஓடிப்போற மாடுதானேடி இவ.”

இறங்கும்போது என் அம்மா பிடித்துக்கொள்ள என் கையைக் கேட்டாள். என் இரண்டு கையும் பையை அணைத்திருந்தன. வாரைக் கொடுத்தேன். “இதப் புடிச்சுக்கம்மா.”

“படு! படு!” இரண்டாவது குண்டு. படுத்தோம். எழுந்தோம். வாசல் காவலர்கள் ஆட்களை உள்ளே இழுத்துத் தள்ளுகிறார்கள். வார் இறுக்கமாகவே இருந்தது. அதனால் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே போய்த்தான் பார்த்தேன். வாரைப் பிடித்திருந்தது முன்பின் தெரியாத ஒரு வியட்நாமியப் பெண்.

வாசலை மூடிவிட்டார்கள். வெளியே அம்மாவின் குரல், “கலா! கலா!” இரண்டு முறை. அதன்பிறகு ஹெலிகாப்டர் சத்தம் மட்டும்.

1976. சிட்னி, அகதிகளைத் தங்கவைக்கும் வில்லாவுட் விடுதி. சான்றிதழ்கள் இருந்ததால் எனக்கு லேபில் வேலை. தெரேசா தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி மடிக்கிறாள்.

“நீ குடுத்துவெச்சவடி. எங்கிட்ட ஒரு பேப்பர்கூட இல்ல” என்றாள். பின்னால் உட்கார்ந்து அவள் அம்மா அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். “ஆடாம இருடி, ஒரே சிக்கு!” அந்தத் திட்டைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது.

“நீயும் வா கலா, எண்ணெ வெச்சு விடறேன்.”

போகவில்லை. அந்த முடிச்சு அன்று அவிழ்ந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். நடந்ததைச் சொல்ல வந்தவள் இதை மறைக்க முடியாது. தெரேசாவோடு இப்போது பேசுவதில்லை. அவளுக்குக் காரணம் தெரியாது.

சைகோன் முகவரிக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

பஸ்ஸில் வந்தவர்கள் நாற்பத்தொரு பேர். வாசலுக்குள் வந்தவர்கள் முப்பத்தாறு பேர். வெளியே நின்றவர்கள் ஐந்து பேர். நால்வரின் பெயர் எனக்குத் தெரியாது. ஐந்தாவது மரகதம், வயது ஐம்பத்திரண்டு. என் அம்மா.