உள்ளே வந்தவன்

பங்குனி மாதத்தில் ஐயம்பேட்டை பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். அன்றைக்கு எனக்கு ஜன்னல் ஓரமாகவே கிடைத்தது. சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் உத்திரத்துக்குப் பெரிய காஞ்சிபுரம் வந்துகொண்டிருந்த நேரத்தில் நான் எதிர்ப்பக்கம் போனேன், அதனால்தான். திருக்கல்யாணத்தை விட்டுவிட்டு எங்கே போகிறீர் என்று கண்டக்டர்கூடக் கேட்டார். மகளைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அது பொய்யில்லை. உங்களிடமும் நான் பொய் சொல்லப்போவதில்லை, ஐயா. அதட்ட வேண்டிய அவசியமே இருக்காது.

என் பெயர் நமச்சிவாயம். வயது ஐம்பத்திரண்டு. பட்டு நெய்கிறவன். தையல்நாயகி எனக்கு ஒரே மகள். அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, ஐம்பத்தாறாம் வருஷம், என் மனைவி காந்தாவுக்குப் பெரியம்மை போட்டது. வெளியே போயிருந்த நான் திரும்பி வரும்போது வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. தெருமுனையிலேயே நின்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அப்படியே மாகறலுக்கு நடந்துபோய், தெரிந்தவர் ஒருவர் வீட்டில் இரண்டு மாதம் தறியில் உட்கார்ந்தேன்.

காந்தா பதினோராம் நாள் போய்விட்டாளாம். அதுவரை குழந்தைதான் தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பிறகும் ஒரு பகல் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். காந்தாவின் அக்கா பொன்னியம்மாள் வந்துதான் கதவைத் திறந்து, குழந்தையை ஐயம்பேட்டைக்குத் தூக்கிப்போனாள். அங்கே அவளுக்கும் அம்மை போட்டுப் பிழைத்தாள். இதெல்லாம் பிறகு எனக்குச் சொன்னார்கள்.

அம்மைக்குப் பயப்படாதவன் யார்? தெருவே கதவைச் சாத்திக்கொண்டுதான் கிடந்தது. பேர் கெட்டது மட்டும் எனக்கு. பதினைந்து வருஷம் நான் ஐயம்பேட்டைப் பக்கம் போகவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். யாரும் கூப்பிடவில்லை.

போன வருஷம் எனக்கு விஷக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பக்கத்துக் கட்டில்காரருக்கு அவர் மகள் தினம் கஞ்சி கொண்டுவருவாள். அவர் சூடு போதவில்லை என்று திட்டுவார், அவள் சிரித்துக்கொண்டே ஊட்டுவாள். அதைப் பார்த்துக்கொண்டே இருபது நாள் படுத்திருந்தேன். எழுந்து நடக்க முடிந்ததும் ஐயம்பேட்டைக்குப் போனேன்.

தையல்நாயகி என்னைத் துரத்தவில்லை. முன்கட்டில் தறிக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தறிக்குழியில் காலை வைத்து நெய்ய ஆரம்பித்தாள். 'வாங்க' என்றாள், 'குடிங்க' என்றாள். சின்ன வயசில் நைனா நைனா என்று வேட்டியைப் பிடித்துக்கொண்டு திரிந்தவள், என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. பொன்னியம்மாளுக்குக் கைகால் விழுந்து, பின்கட்டில் கட்டிலோடு கிடந்தாள். வாய் மட்டும் நன்றாக இருந்தது. நான் போகும்போதெல்லாம் அங்கிருந்தே, "அந்த ஆள அனுப்பிட்டு வாடி" என்பாள்.

ஆறு முறை போனேன். கடைசி முறை, நான் என்ன செய்தால் உன் மனசு ஆறும் என்று நேராகவே கேட்டேன். அவள் தறியில் நாடா ஓட்டுவதை நிறுத்தவில்லை.

"நீங்க தெருமுனையில நின்னுக்கினு இருந்தத நான் ஜன்னல் வழியா பாத்தேன்," என்றாள். "கூப்ட்டேன். உள்ள வந்திருந்தா போதும். வேற ஒண்ணும் செஞ்சிருக்க வேணாம்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் சும்மா திறந்து கிடக்கிற வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் போகலாம். நுழையப் பயப்படவேண்டிய வீடாக இருந்தால்தானே நுழைந்ததற்கு ஒரு மதிப்பு? அம்மையை நான் கொண்டுவர முடியாது. சர்க்கார் அதை ஒழித்துக்கொண்டு வருகிறது. பொன்னியம்மாள் வீடு ஓலைக்கூரை. பங்குனியில் ஓலை அப்பளம் மாதிரிக் காய்ந்திருக்கும்.

உத்திரத்தன்று தெருவில் ஆள் இருக்காது. அது எனக்கு முக்கியம். வேறு யாராவது முந்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டால் காரியம் கெட்டுவிடும். தையல்நாயகி திருவிழாவுக்குப் போயிருப்பாளோ என்கிற கவலை எனக்கு இல்லை. பொன்னியம்மாளை விட்டுவிட்டு அவள் எங்கும் போவதில்லை.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கொல்லைப்பக்கமாகப் போனேன். மண்ணெண்ணெய் ஒரு பாட்டில் போதுமானதாக இருந்தது. பின்கட்டுக் கூரையில்தான் வைத்தேன். முன்கட்டில் மகள் இருக்கிறாள், அவள்மேல் ஒரு பொறி விழுந்துவிடக்கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து, எவ்வளவு புகை என்றும் பார்க்காமல் உள்ளே போனேன்.

அவள் தறிக்குழியிலிருந்து ஏறிப் பின்கட்டுப் பக்கம் திரும்பியிருந்தாள். இடுப்போடு சேர்த்துப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துவந்தேன். இந்த வயசில் எனக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வெளியே வந்தும் நான் விடவில்லை. என் மணிக்கட்டைக் கடித்தாள். இதோ, இன்னும் ஆறவில்லை. அப்போதுதான் அவள் கூப்பிட்டாள்.

"வுடு நைனா. பெரியம்மா உள்ள இருக்குது. என்ன வுடு நைனா."

பதினாறு வருஷத்துக்குப் பிறகு, ஐயா. இரண்டு தடவை. உங்களுக்குப் பெண் குழந்தை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் அந்த நேரத்தில் யாரால் கையைத் தளர்த்த முடியும் என்று சொல்லுங்கள்.

கூரை உட்கார்ந்ததும் அவள் திமிறுவதை நிறுத்திவிட்டாள். என் கையை எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளப்போகிறாள் என்று நினைத்தேன். முகர்ந்து பார்த்தாள். எழுந்து, நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள்.

அவள் கொடுத்த வாக்குமூலத்தை நீங்கள் படித்துக் காட்டினீர்கள். கையில் மண்ணெண்ணெய் வாசனை அடித்தது என்று சொல்லியிருக்கிறாள். அடித்திருக்கும். நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தின வரியில், தீப்பிடித்ததும் உள்ளே வந்தார் என்றும் சொல்லியிருக்கிறாள். அந்த வரியை அடிக்காமல் கோர்ட்டில் அப்படியே படிக்கச் சொல்லுங்கள். மற்றதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. மன்னிப்புக் கேட்டு எழுதிக்கொடுத்தால் நல்லது என்று வக்கீல் சொல்கிறார். எதற்கு? கோழை என்று ஊரார் சொன்னதற்கு அவர்கள் யாராவது என்னிடம் மன்னிப்புக் கேட்டார்களா?

பொன்னியம்மாள் உள்ளே இருப்பது தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். நான் தீக்குச்சியைக் கிழிக்கும்போது அவள் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள். மகளைத் தெருவுக்குக் கொண்டுவந்தபிறகு, பத்தடி தூரத்தில் கிடந்தவளைத் தூக்கிவர ஏன் திரும்பிப் போகவில்லை என்றும் கேட்கிறீர்கள். படித்தவர் நீங்கள், இதைப் போய்க் கேட்கிறீர்களே. அங்கே நெருப்பு எரிந்துகொண்டிருந்தது, ஐயா.