போர் தண்ணீரில் ஆசிட்

மந்தாரக்குப்பம் போர் தண்ணீரில் ஆசிட் கலந்துவிட்டது என்றே நம்பி, பஸ்ஸில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில், லேப் வேலை முடிந்து திரும்பிய இரண்டு பெண்களின் பேச்சு அப்படி.

“மந்தாரக்குப்பம் போர் தண்ணிய ரெசின் மணி நெரப்புன குழாய் வழியா வுட்டேங்க்கா. கீழ ஆசிட்டா வருது!” என்றாள் இளையவள்.

காலையில்தான் அதில் ஒரு சொம்பு குடித்திருந்தேன்.

“வரணும்டி. தண்ணியில இருக்கிற உப்ப ரெசின் ஆசிட்டா மாத்தும். அந்த ஆசிட்ட அளந்துதான குளோரைடு கண்டுபிடிக்கிறோம்?” என்றாள் மூத்தவள்.

“உப்பே இல்லாத டிஸ்டில்டு வாட்டர வுட்டாலும் ஆசிட்டா வருதேக்கா! இந்த ரீடிங்க குடுத்தா சார் என் கான்ட்ராக்ட்ட முடிச்சிடுவாரு.”

“ஆசிட் ஊத்தி ரெசின ரெடி பண்ணியே, அப்புறம் மிச்ச ஆசிட்டு போக கழுவுனியா?”

“ஐயோ! போன்ல பேசிக்கினே மறந்துட்டேன்க்கா.”

“நாளைக்கு சார் வர்றதுக்குள்ள கழுவிட்டு மறுபடி அளந்துடு.”

தண்ணீரில் இருந்தது வெறும் உப்பு. என் வயிற்றை எரித்தது, பஸ் ஸ்டாண்டில் தின்ற மிளகாய் பஜ்ஜி.