பந்திக்கு அப்பறம் அரை மணி

— கார் சாவியக் குடுங்கப்பா, நா போய் உக்காந்துக்கறேன்.

— ஏன் சாமி? பந்தியில இருந்து இப்பத்தான எந்திரிச்சோம். போட்டோவுக்குக் கூப்புடறாங்க.

— நீங்க எடுத்துக்கங்க. எனக்கு... கொஞ்ச நேரம் மண்டபத்துக்குள்ள வேண்டாம்.

— சரி, நானும் வாரேன். உங்கம்மா நின்னுக்குவா. ... ஏறு. கண்ணாடிய எறக்கி உடட்டுமா?

— ம். கொல்லிமலக் காத்து நல்லா வருது.

— பிரியா... ஜாங்கிரி கூடச் சாப்ட்டயா?

— அதையும் பாத்தீங்களா? எதுத்தாப்ல உக்காந்துட்டு நீங்க சோத்தையே பெசையல. சாம்பார் வாளிக்காரர் மூணு தடவ நின்னுட்டுப் போனாரு.

— பின்ன! நீ இலையில உக்காந்து சாப்ட்டு ஒன்றர வருசம் ஆவுது. மோகன்குமாரு மக வயித்து வலிக்காரின்னு ஒறம்பரை சொந்தமெல்லாம் பேரே வெச்சுட்டாங்க.

— அப்பா...

— சொல்லு சாமி.

— வயித்து வலி இல்லீங்கப்பா. அல்சரும் இல்ல. நாஞ் சொன்னதெல்லாம் பொய்யி. யாரும் இல்லாதப்ப எடுத்து எடுத்துத் தின்னுருவேன். நிறுத்தவே முடியாது. பொறவு குண்டாயிருவேன்னு பயம் வந்து... பாத்ரூம்ல போயி எல்லாத்தையும் வாந்தி எடுத்துருவேன். ப்ளஸ் டூ ஹாஸ்டல்ல ஆரம்பிச்சுது.

— ம்.

— ம்னா? திட்டுங்கப்பா!

— நீ சொல்லு. நா கேட்டுட்டுத்தான் இருக்கறேன்.

— திருச்செங்கோட்டுல ஒரு பல்லு டாக்டரம்மாதான் கண்டுபுடிச்சாங்க. பல்லு கூசுதுன்னு காலேஜ்ல இருந்து போயிருந்தேன். பல்லு உள்பக்கமா அரிச்சிருக்கறதப் பாத்ததும் நர்ஸ வெளிய அனுப்பிட்டு, ‘அடிக்கடி வாந்தி எடுக்கறயா கண்ணு?’ன்னாங்க. அழுதுட்டேன். அவங்கதான் சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல ஒரு மனநல ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தாங்க. அங்க ரத்தமெல்லாம் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு ஒரு புக்கக் குடுத்தாங்க.

— புக்கா?

— புக்குதான். நாமளாப் படிச்சு நாமளாச் செய்யறது. தொணைக்கு அங்கிருந்து வித்யான்னு ஒரு அக்கா. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போன்ல இருவத்தஞ்சு நிமிஷம் பேசுவாங்க. அவ்வளவுதான்.

— மாத்தர?

— எனக்கு எழுதல.

— வெறும் இருவத்தஞ்சு நிமிஷத்துல அந்தப் புள்ள என்னத்தச் சொல்லும்?

— அவங்க எங்க சொல்றாங்க? நாந்தான் சொல்லணும். சாப்ட்டதயெல்லாம் அப்பப்ப எழுதணும். எங்க சாப்ட்டேன், அப்ப மனசுல என்ன ஓடுச்சுன்னு. மொதல் வாரம் எழுதக் கையே வரல. பொறவு மூணு வேளையும் நேரத்துக்குச் சாப்புடணும், நடுவுல ரெண்டு தடவ ஏதாச்சும். பசிச்சாலும் சரி, பசிக்காட்டியும் சரி. அதான் இருக்கறதுலயே கஷ்டம்.

— எத்தன வாரமா சாமி?

— பதினொண்ணு.

— பதினோரு வாரமா! நாங்க ரெண்டு பேரும் ஹால்ல டீவி பாத்துட்டு இருந்திருக்கறோம்... நீ பக்கத்து ரூம்ல ஒத்தையா இத்தாப்பெரிய வேலையச் செஞ்சுட்டு இருந்திருக்கற.

— பெரிசெல்லாம் இல்லீங்கப்பா. போன வியாழக்கெழம கூட ஒருக்காத் தவறிருச்சு.

— அப்பறம்?

— எழுதி வெச்சேன். அக்கா திட்டுவாங்கன்னு பாத்தேன். ‘மறைக்காம எழுதுன பாரு, அது போதும். அடுத்த வேளச் சாப்பாட்ட மட்டும் உட்றாத’ன்னாங்க.

— உட்டுட்டயா?

— உடல. இட்லி சாப்ட்டேன். அழுதுட்டேதான் சாப்ட்டேன்.

— யப்பா... நாப்பதாயிரம் கோழி வெச்சிருக்கறவன் நானு. சீக்கு வந்து ஷெட்டே காலியானப்ப மூணு நாள் படுத்த எடத்த உட்டு எந்திரிக்கல. உனக்கு எங்கிருந்து சாமி வந்துச்சு இந்தத் தெகிரியம்?

— அப்பா, மணி என்ன?

— ஒண்ணு இருவது. ஏன்?

— சாப்ட்டு ஒரு அரை மணி நேரந்தான் ஆபத்து. அப்ப எப்பவும் எம் பிரெண்டு மதுமதிக்குப் போன் போட்டுப் பேசிட்டே இருப்பேன். அவளுக்கு இன்னக்கிப் பரீச்ச. அதான்... உங்ககிட்டச் சொல்லிட்டேன்.

— இப்ப அந்த நெனப்பு வருதா?

— வருது. நெம்ப. ... மண்டபத்துப் பாத்ரூம் எந்தப் பக்கம்னு வந்ததுமே பாத்து வெச்சுட்டேன்.

— கதவு தொறந்துதான் இருக்குது கண்ணு. எறங்கி நடக்கறதுன்னா நானும் கூட நடக்கறேன்.

— வேண்டாம். பேசுங்க. ஏதாச்சும் பேசுங்கப்பா...

— என்னத்தப் பேச... ஆங், ஒரு கோழி கூண்டுல இருந்து தப்பிச்சு வந்து, தெனமும் எம் வண்டி சீட்டு மேலயே முட்ட போடுது.

— சும்மா!

— நெசமாத்தான். வெரட்டுனா நம்மளையே மொறைக்குது. உங்கம்மா அதுக்குப் பேரே வெச்சுட்டா.

— என்ன பேரு?

— பெரியநாயகி.

— அய்யோ, அத்த பேரு! கேட்டாங்கன்னா மண்டபத்துலயே அடிப்பாங்க.

— இன்னக்கிப் பந்தியில உங்கத்த என்னைய மொறச்சுது பாரு, அதே மொறப்பு...

— அப்பா, சிரிக்க வெக்காதீங்க... வயிறு வலிக்குது.

— இது நெச வயித்து வலியா?

— ஆமாங்க! ... மணி?

— ஒண்ணு முப்பத்தஞ்சு.

— எறங்கிருச்சுங்கப்பா.

— நெசமாவா?

— நெசமா. ஏறிட்டேதான் போவும்னு நெனப்பேன். போவறதில்ல. ஒரு எடத்துல நின்னு தானா எறங்கிருது. ஒவ்வொரு தடவையும் என்னாலயே நம்ப முடியாது.

— கையக் குடு சாமி... கொஞ்ச நேரம் புடிச்சுக்கறேன்.

— நீங்க ஏன் ஒரு வார்த்த கூடத் திட்டல? வேற யாரா இருந்தாலும் கார் கதவப் பூட்டிருப்பாங்க.

— பூட்டக் கூடாது. தோண்டித் தோண்டிக் கேக்கவும் கூடாது. கூட இருந்தாப் போதும்.

— இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னாங்க?

— வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம கோழி மருந்து வாங்க சேலம் போறேன்னு சொல்லுவனல்ல...

— ஆமா.

— நாமக்கல்ல கெடைக்காத கோழி மருந்தா சாமி சேலத்துல கெடைக்குது? ... நீ கொழாயத் தொறந்து உட்டுட்டு பாத்ரூமுக்குள்ள அழுவறது ஒரு நாள் எங்காதுல உழுந்துருச்சு. யாருகிட்டக் கேக்கறதுன்னு தெரியாம அலஞ்சு, கடசியில நீ சொல்ற அதே ஃபேர்லேண்ட்ஸ் ஆஸ்பத்திரியிலதான் போயி நின்னேன். பெத்தவங்களுக்குன்னு அங்க தனியா ஒரு புக்கு வெச்சிருக்கறாங்க. தீவனக் குடோன்ல ஒளிச்சு வெச்சுப் படிக்கறேன். உனக்கும் ஒரு புக்கு இருக்குதுன்னு சாமி சத்தியமா எனக்குத் தெரியாது. ‘அவளாச் சொல்ற வரைக்கும் காத்திருங்க’ங்கற பாடத்துலயே நாலு மாசமா நின்னுட்டு இருக்கறேன்.