மாலை போட்ட ட்ரோன்

ஒரத்தநாட்டிலிருந்து தஞ்சாவூர் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். ஒருவர் விவசாயி. பக்கத்தில் அவருடைய அக்கா மகன். ராணுவத்துக்கு ட்ரோன் செய்து கொடுக்கும் கம்பெனியில் வேலையாம்.

“ஏன் மாப்ள, பறக்குற சாமானுக்கு எவனாவது ஆளுயர மாலை போடுவானா?” என்று விவசாயி கேட்டதும் ஜன்னல் பக்கமிருந்த என் காது முன்சீட்டுக்குத் திரும்பிவிட்டது.

“மந்திரி வந்து சோதனை ஓட்டத்தைத் தொடங்கி வைக்கிறாரு, மாலை இல்லாம எப்படிங்க மாமா? எங்க ஓனரு அவருக்குச் சம்பந்தி வேற.”

“அந்த மாலை விசிறியில சுத்திக்கிட்டுத்தானே என் நாத்தங்கால்ல வந்து விழுந்துச்சு? சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் சேத்துக் கிடந்துச்சு.”

“மெதுவாப் பேசுங்க மாமா.”

“நாத்து பூரா நாசம். உன் ஓனருக்கு ஆர்டர் கேன்சல்தானே?”

“எங்க? கேட்டதைப் போல ரெண்டு மடங்கு குடுத்திருக்காங்க.”

“விழுந்ததுக்கா?”

மருமகன் குரலைத் தாழ்த்தினார். “ரிப்போர்ட்டுல உங்க வயலை எதிரி நிலம்னு காட்டிட்டாங்க. குறி தப்பாமத் தாக்கிடுச்சுன்னு மந்திரியே பாராட்டிட்டாரு. இனிமே நஷ்டஈடு கேட்டா எப்படிங்க குடுப்பாங்க?”

விவசாயி துண்டை உதறித் தோளில் போட்டார்.

“சரி மாப்ள. இந்த வருஷக் கிஸ்தியை எந்த நாட்டுக்குக் கட்டணும்னு மட்டும் உன் ஓனருகிட்ட கேட்டுச் சொல்லு.”