தண்ணீர்ப் பெட்டிக்குள் ஒரு புரதம்

கிளிநொச்சி பஸ்ஸில் மூச்சு விடவும் இடமில்லை. எனக்கு முன் சீற்றில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் இருவர். மடிக்கணினியில், கற்பனைத் தண்ணீர்ப் பெட்டிக்குள் இரு பாதிகள் ஒட்டிய புரதம் ஒன்று அசைவதைக் கணித்து, பாதிகளுக்கு இடையிலான தூரத்தை வரைந்த கோடு.

“ஐயோ, உடைஞ்சு போச்சுதடி! கோடு திடீரெண்டு மேலை பாயுது. பின்னேரம் சேருக்கு என்னத்தைக் காட்டுறது?”

“உடையேல்லை, விசரி. புரதத்தின்ரை ஒரு பாதி பெட்டியின்ரை வலப்பக்கத்தாலை வெளியிலை போய், இடப்பக்கத்தாலை உள்ளுக்கை வந்திருக்கு. ஒரு கொமாண்ட் அடிச்சாச் சேர்ந்திடும்.”

மனைவியோடு பக்கத்தில் நின்ற விவசாயி குனிந்து திரையைப் பார்த்தார்.

“அதெப்பிடிப் பிள்ளை, அங்காலை போனது இஞ்சாலை வரும்?”

“கம்பியூட்டரிலை அப்பிடித்தான் ஐயா. பெட்டிக்குச் சுவர் இல்லை.”

“வேலி இல்லாட்டி அது ஆரின்ரை காணி?”



மாங்குளத்தில் இறங்கிய கூட்டம் விவசாயியையும் பின்கதவால் வெளியே தள்ளிக்கொண்டு போனது. பஸ் புறப்பட, ஓடிவந்து முன்கதவால் தொற்றி ஏறினார். அதற்குமேல் நகர முடியவில்லை. மனைவி நின்ற இடத்திலேயே நின்று அவரை ஏசிக்கொண்டிருந்தார்.

“பிள்ளையள்!” என்று அவர் அங்கிருந்தே கத்தினார். “நான் இஞ்சாலை வந்திட்டன். மற்றப் பாதி உங்களிட்டை நிக்குது. அந்தக் கொமாண்டை ஒருக்கா அடியுங்கோ!”